குறி எங்கே தொடங்குகிறது

“குறி சரியா இருந்தா தடம் எதுக்கு அக்கா? சுட்ட இடத்திலேயே விழுந்துடும். போய் எடுத்துக்க வேண்டியதுதானே?”

தீபாவளி லீவுக்கு வந்திருந்த சின்னம்மா மகன், கணினியில் நாங்கள் ஒரு வேட்டை விளையாட்டு விளையாடும்போது சொன்னது இது. சொல்லிவிட்டு இரண்டாம் நாள் அவன் கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டான். என்னால்தான் அந்தக் கேள்வியை இறக்கி வைக்க முடியவில்லை. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். காலையில் மலைப் பாதையில் நடந்து போகும்போது ஈர மண்ணில் ஏதாவது கால்தடம் தெரிந்தால் நின்று பார்ப்பது சின்ன வயதிலிருந்தே பழக்கம். அப்போதெல்லாம் அவன் சொன்னது மறுபடி காதில் விழும். தப்பு என்று பட்டது. ஏன் தப்பு என்று உடனே சொல்லத் தெரியவில்லை. ஒரு வீடியோ கேமை வைத்து இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இந்தக் கேம் எனக்கு அப்படிப்பட்ட ஒன்றுதான்.

நாங்கள் விளையாடுவது ‘தி ஹன்டர்: கோல் ஒஃப் த வைல்ட்’. சுவீடனில் செய்து 2017இல் வெளிவந்த வேட்டை விளையாட்டு. விளையாடியவர்களுக்கு ஹிர்ஷ்ஃபெல்டன் என்றாலே போதும். ஜெர்மனி நாட்டுக் காடும் வயலும் ஏரியும் போல வரைந்த நிலம் அது. எதிரி கிடையாது, கவுண்ட்டவுன் கிடையாது. பாதி நேரம் நடையிலேயே போகும். தம்பிக்கு அதுதான் பிடிக்கவில்லை. அவன் ஃப்ரீ ஃபயர், பப்ஜி என்று கைபேசியில் வளர்ந்தவன். திரையின் ஓரத்தில் ஒரு தலை அசைந்தால் போதும், நான் பார்த்து முடிப்பதற்குள் அவன் விரல் வேலையை முடித்திருக்கும். அந்த விளையாட்டுகளில் சுடப்பட்டவர் விழுந்ததும் கதை முடிந்தது, அடுத்தவரைத் தேடலாம். அங்கே பழகிய கண்ணுக்கு, மண்ணில் குனிந்து தடம் பார்ப்பது நேரத்தை வீணாக்குவதாகத்தான் தெரியும். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவன் சொன்னதை ஒத்துக்கொள்ளவும் முடியாது.

கையில் இருக்கும் பங்கு

முதலில் அவன் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். சுடுவதில் கைத்திறன் என்று ஒன்று நிச்சயமாக இருக்கிறது. .270 ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுடுவது 1925இல் வந்த பழைய தோட்டா, இன்றும் மான் வேட்டைக்காரர்கள் நம்பும் தோட்டா. குழலை விட்டுப் புறப்படும்போது அதன் வேகம் விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல். 200 மீட்டர் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ கால் விநாடி எடுக்கும். கால் விநாடி ஒன்றுமில்லை என்று தோன்றும். கையிலிருந்து நழுவிய கோப்பை அந்தக் கால் விநாடியில் சுமார் 30 செ.மீ. விழுந்திருக்கும். எவ்வளவு வேகமாகப் போனாலும் தோட்டாவும் அதே கணக்கில்தான் கீழே இறங்குகிறது. ஒரு பெரிய மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி சுமார் 25 செ.மீ. வட்டம் என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கம் என்ன செய்யும் என்று புரியும்.

அதற்காகத்தான் ரைபிளின் மேலிருக்கும் குறிபார்க்கும் கண்ணாடியை, ஸ்கோப்பை, ஒரு தூரத்துக்குச் சரிப்படுத்தி, அதாவது ஜீரோ செய்து வைக்கிறார்கள். தோட்டா சற்று மேல்நோக்கிப் புறப்பட்டு, அந்தத் தூரத்தில் ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோட்டைச் சரியாகத் தொடும். 150 மீட்டருக்கு ஜீரோ செய்த ரைபிளால் 300 மீட்டரில் நிற்கும் மானைச் சுட்டால், கை ஆடாமல் இருந்தாலும் தோட்டா ஏறத்தாழ 30 செ.மீ. கீழே போகும். கேமில் இதை மாற்றும் வசதி ஆரம்பத்தில் கிடைக்காது, விளையாடி விளையாடித்தான் திறக்கும். அதுவரை தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, கொஞ்சம் மேலே பிடித்துச் சுட வேண்டும். அப்புறம் மூச்சு. ஓடி வந்து உடனே ஸ்கோப்பைக் கண்ணில் வைத்தால் குறுக்குக் கோடு ஒரு இடத்தில் நிற்காது, கேம் நம் இதயத் துடிப்பையும் கணக்கில் வைத்திருக்கிறது. கொஞ்சம் பொறுத்து, குனிந்தோ படுத்தோ, மூச்சைப் பிடித்துச் சுட்டால் நிற்கும்.

இதையெல்லாம் தம்பி ஒரே நாளில் பிடித்துவிட்டான். நான் பல வாரம் எடுத்துக் கற்றதை அவன் தேநீர் குடித்துக்கொண்டே செய்தான். ஆனால் நான் மேலே சொன்ன எல்லாமே, குறுக்குக் கோட்டை எங்கே வைக்க வேண்டும் என்று முடிவான பிறகு வரும் வேலைகள். எங்கே வைப்பது, எப்போது வைப்பது, வைக்கத்தான் வேண்டுமா என்பது வேறு வேலை. என் அம்மா கொழுந்து எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கை பறப்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் கை போகும் முன்பே கண் அந்தத் துளிரைத் தெரிந்தெடுத்து, அடுத்ததுக்குப் போயிருக்கும். வேகம் கையில் இருப்பதாகத் தெரிந்தாலும் அது கண்ணில்தான் இருக்கிறது. குறியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

தடம் சொல்வது

இந்தக் கேமில் ஒரு தடத்தின் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது சில விடயங்களைச் சொல்லும். எந்த விலங்கு, எவ்வளவு நேரத்துக்கு முந்தியது, நடந்ததா, ஓடியதா, போன திசை ஏறக்குறைய எது. முதல் தடத்தில் அந்தத் திசை அகலமாக இருக்கும். அடுத்தடுத்த தடங்களைக் கண்டு போகப் போக ஒடுங்கும். நிதானமாக நடந்த தடம் திடீரென்று ஓட்டத் தடமாக மாறினால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. பல தடவை அந்த ‘ஏதோ’ நாமாகத்தான் இருப்போம். நம் காலடிச் சத்தம், நம் வாசனை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் நம் வாசனையும் போகும். மான் அங்கே நின்றால், நாம் எவ்வளவு பதுங்கினாலும் பயனில்லை.

தடத்தோடு தடமாகப் போனால் அந்த விலங்கின் அன்றாடமே தெரிய வரும். எந்த நேரத்தில் எங்கே தண்ணீர் குடிக்கும், எங்கே மேயும், எங்கே படுக்கும் என்று மூன்று வகை இடங்கள். ஒரு கூட்டம் அதே நேரத்துக்கு அதே இடத்துக்கு மறுபடி வரும். அங்கேயே நின்று சுட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தைக் கைவிட்டுவிடும். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அவசரப்படுகிறவருக்கு அந்தக் காடே கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும்.

இதைப் பழகிய பிறகு நுவரெலியாப் பக்கத்து ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனபோது, அங்குள்ள பெரிய மான்களான மரைகளைப் பார்க்கும் விதமே எனக்கு மாறியிருந்தது. ஃபார் இன் என்ற பார்வையாளர் நிலையத்தின் பக்கம் ஆட்களுக்குப் பழகிப் போய், வாகனங்களுக்கு நடுவில் நிற்கும் மரைகளைச் சொல்லவில்லை. அவை படம் எடுப்பதற்கு நிற்பவை. தூரத்தில், புல்வெளியும் காடும் சேரும் ஓரத்தில் நிற்கும் கூட்டம்தான் பார்க்க வேண்டியது. எல்லாம் ஒரே நேரத்தில் தலை குனிவதே இல்லை. ஒன்று மேயும், ஒன்று நிமிர்ந்திருக்கும். இங்கே நிற்கும் நமக்குக் காற்று மாறியதே தெரிந்திராது, அங்கே ஒரு பெட்டை முன்காலைத் தரையில் தட்டி வாலைத் தூக்கிவிடும். அதன் காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பார்த்தாலே அது எதைச் சந்தேகப்படுகிறது என்று சொல்லலாம். இதெல்லாம் கேம் சொல்லிக் கொடுத்தது என்று சொல்ல மாட்டேன். பார்க்க வேண்டும் என்ற பொறுமையைக் கேம் கொடுத்தது.

அந்தச் செம்மான்

லீவின் கடைசி நாள் மாலை. மழை பிடித்துக்கொண்டதால் யாரும் வெளியே போகவில்லை. ஹிர்ஷ்ஃபெல்டனில் ஒரு ஏரிக்கரை மேட்டில் நாங்கள் இருந்தோம். கொம்புள்ள ஒரு பெரிய செம்மானின் தடத்தை நான்தான் பிடித்து அதுவரை கொண்டுவந்திருந்தேன். தடம் எல்லாம் நடைத் தடம், புதியது. ஏரி ஓரத்தில் செம்மான்கள் தண்ணீர் குடிக்கும் இடம் ஏற்கெனவே எங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தது, நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. காற்று எங்கள் முகத்துக்கு நேரே வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? படுத்துக் காத்திருந்தால் மான் கரைக்கு வரும், தலை குனிந்து குடிக்கும், நமக்குப் பக்கவாட்டாக நிற்கும்.

அப்போது விசைப்பலகை தம்பி கையில். மான் மரங்களுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தது, சுமார் 200 மீட்டர். எங்கள் பக்கம் முகத்தை வைத்து, ஆனால் சற்றுச் சாய்வாக நடந்து வந்தது. “கொஞ்சம் இரு, கரைக்கு வரட்டும்” என்றேன். அவன் அதற்குள் மூச்சைப் பிடித்துவிட்டான். குறுக்குக் கோடு தோள்பட்டையில் ஒரு துளி ஆடாமல் நின்றது. சுட்டான். மான் ஒரு குலுக்குக் குலுங்கி, திரும்பிக் காட்டுக்குள் ஓடிவிட்டது.

“பட்டுச்சு அக்கா, தோள்லதான் பட்டுச்சு. முன்னாடி கிடக்கும் பாருங்க.”

கிடக்கவில்லை. சுட்ட இடத்தில் இரத்தம் இருந்தது. இரத்தத் தடத்தைப் பார்த்தால் காயம் எப்படிப்பட்டது என்று கேம் சொல்லும். உயிர் உறுப்பில் பட்டதில்லை, சதைக் காயம், இரத்தப் போக்கும் குறைவு. நிஜ வேட்டையில் இதை ஆட்கள் நிறத்தை வைத்துப் படிக்கிறார்கள். நுரையீரலில் பட்டால் இரத்தம் வெளிர் சிவப்பாக நுரைத்திருக்கும், ஈரலில் பட்டால் கருஞ்சிவப்பு, குடலில் பட்டால் பச்சைக் கலங்கலும் நாற்றமும் சேர்ந்து வரும். குடல் காயம் என்றால் அனுபவமுள்ளவர்கள் உடனே பின்னால் போவதில்லை, மணிக்கணக்கில் பொறுத்துத்தான் போவார்கள். துரத்தினால் அது வலியோடு இன்னும் தூரம் ஓடும்.

தம்பி லெப்டொப்பை என் பக்கம் தள்ளினான். “விடுங்க அக்கா, வேற ஒண்ணு பார்ப்போம்.” நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதை அப்படியே விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அது வெறும் படம், கணினி போட்ட கணக்கு என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தேன். பிறகு குனிந்தே போனேன், ஒவ்வொரு துளியாக. ஓட்டத் தடம் ஒரு ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறி, ஒரு இடத்தில் நடையாக மாறியது. அங்கிருந்து நான் இன்னும் மெதுவாகப் போனேன். புதர்கள் உரசினால் சத்தம் என்பதால் சுற்றிப் போனேன். கடைசியில் தேவதாரு மரங்களுக்குக் கீழே அது நின்றது, இந்த முறை சரியான பக்கவாட்டில். ஒரே சூடு.

நான் சொல்ல வந்த விடயம் அதற்கு அடுத்த திரையில் இருந்தது. விலங்கை எடுக்கும்போது, ஒவ்வொரு தோட்டாவும் உடம்பில் எந்த வழியாகப் போனது, எதைத் தொட்டது என்று கேம் காட்டும். தம்பியின் தோட்டா அவன் வைத்த இடத்தில்தான் நுழைந்திருந்தது. அவன் குறி தப்பவே இல்லை. ஆனால் மான் சாய்ந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்ததால், தோளின் வெளிப்புறம் நுழைந்த தோட்டா நெஞ்சுக்கூட்டின் ஓரத்தில் சதையை மட்டும் கிழித்துக்கொண்டு வெளியே போய்விட்டது. நுரையீரலும் இதயமும் அந்தக் கோட்டுக்கு உள்பக்கம், தொடப்படாமல் இருந்தன. பக்கவாட்டில் நிற்கும் மானுக்குத் தோளுக்குச் சற்றுப் பின்னால் சுட வேண்டும். விலகிப் போகும் மானுக்கு இன்னும் பின்னால் பிடித்து எதிர்ப்பக்கத் தோளை நினைத்துச் சுட வேண்டும். நம்மை நோக்கி வருவதைப் பொதுவாகச் சுடாமல் இருப்பதே நல்லது. தோலில் ஒரு புள்ளியைக் குறி வைப்பது குறி அல்ல. உள்ளே போகும் பாதை எங்கே முடியும் என்று தெரிந்து வைப்பதுதான் குறி.

அந்தப் பாதை எப்போது சரியாக வரும் என்பதைத் தடம் முன்பே சொல்லிவிட்டது. தண்ணீருக்குப் போகிறது, நடந்து போகிறது, பயப்படவில்லை, காற்று நம் பக்கம். இத்தனையும் மண்ணில் எழுதியிருந்தது. தம்பி அதைப் படிக்காமல் சுட்டான், அதனால் பிறகு இரத்தத்தைப் படிக்க வேண்டி வந்தது. தடம் பார்ப்பது சுட்ட பிறகு வரும் ஒரு எடுபிடி வேலை என்று அவன் நினைத்தான். என்னைக் கேட்டால், சுடுவதுதான் தடம் பார்ப்பதன் நடுவில் வரும் ஒரு கண வேலை.

ஹிர்ஷ்ஃபெல்டனுக்கு மூலமான ஜெர்மனியில் தேர்வு எழுதித் தேறாமல் யாரும் வேட்டை உரிமம் வாங்க முடியாது. காயப்பட்டு ஓடிய விலங்கைத் தேடிப் போவது அங்கே வேட்டைக்காரரின் விருப்பம் அல்ல, கடமை. அதற்கென்றே பழக்கிய நாய்கள் இருக்கின்றன. விழுந்த மானின் வாயில் ஒரு பச்சைக் கிளையைக் கடைசிக் கவளமாக வைக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. உயிரை எடுத்த பிறகு கிளை வைத்து என்ன பயன் என்று கேட்கலாம். குறைந்தது, பக்கத்தில் போய் முகத்தைப் பார்க்காமல் அதை வைக்க முடியாது.

பார்க்காமல் கொல்வது

எங்கள் மலைகளில் வேட்டைக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. துரைமார் காலத்தில் மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒருவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். கல்லறை நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் இன்று யானை இல்லை. அவருடைய கைத்திறனில் யாருக்கும் சந்தேகம் இருந்திராது. குறி சரியாக இருந்தால் போதாதா என்ற என் தம்பியின் கேள்விக்கு அந்த எண்ணிக்கையே ஒரு பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் என்னை அதிகம் தொந்தரவு செய்வது இப்போது நடப்பது. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி உழுது போட்டால் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு ஒரே இரவில் போய்விடும். அந்தக் கோபம் எனக்குப் புரியும், எங்கள் வீட்டுக் கிழங்குப் பாத்தியும் அப்படிப் போயிருக்கிறது. அதற்காகச் சிலர் வைப்பது கம்பிச் சுருக்கு. பழைய பிரேக் கேபிள் ஒன்று இருந்தால் போதும். அதற்கு மூச்சைப் பிடிக்க வேண்டாம், தூரம் மதிப்பிட வேண்டாம், காற்றுப் பார்க்க வேண்டாம். வைத்தவர் வீட்டில் தூங்கலாம். எது வரும், எப்படி மாட்டும், எத்தனை மணி நேரம் இழுத்துக்கொண்டு கிடக்கும் என்று எதுவும் அவருக்குத் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் அப்படி ஒரு சுருக்கில் மாட்டியது ஒரு கருஞ்சிறுத்தை. இலங்கையில் மிக அரிதாகக் காணப்படும் விலங்கு. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள், சில நாளில் செத்துப்போனது. எங்களுக்கு அது பத்திரிகைச் செய்தி மட்டுமல்ல, பக்கத்து மலை. பாடசாலையில் பிள்ளைகள் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

வேட்டைக் கேம் பிள்ளைகளைக் கொடூரமாக்கும் என்று ஒரு ஆசிரியை என்னிடம் சொன்னார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. நிஜத் துப்பாக்கியைத் தூக்கும் ஆசை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை, வரவும் வராது. கொடூரம் துப்பாக்கிப் படத்திலிருந்து வருவதாக நான் நம்பவில்லை. என்ன நடந்தது என்று போய்ப் பார்க்கத் தேவையில்லாத இடத்திலிருந்துதான் அது வருகிறது. நான் பார்த்த விளையாட்டுகளில் இது ஒன்றுதான் சுட்டவரை எழுப்பி, நடக்க வைத்து, தான் செய்ததன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது. சுருக்கு வைப்பவரை யாரும் அப்படி நிறுத்துவதில்லை.

இதைத் தொலைபேசியில் தம்பியிடம் சொன்னேன். சுருக்கு விடயத்தில் முழுதாக ஒத்துக்கொண்டான். குறி விடயத்தில் பாதிதான். “சாய்வா நிக்கும்போது எங்க பிடிக்கணும்னு தெரிஞ்சிருந்தா தடம் இல்லாமலே விழுந்திருக்கும்” என்கிறான். கோணத்தைப் பழகினால் போதுமாம், தடத்தைப் பழக வேண்டியதில்லையாம். அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அவன் கைக்கு அது முடியவும் கூடும். அந்த மான் அந்த இடத்துக்கு வரும் என்று யார் அவனுக்குச் சொன்னது என்று கேட்டேன். “நீங்கதான்” என்றான். பொங்கலுக்கு வருகிறான். இந்த முறை ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன்: சுட்டவரே தேடிப் போக வேண்டும், கிடைக்கும் வரைக்கும் லெப்டொப் கை மாறாது, வேறு விலங்கின் பக்கம் ஸ்கோப் திரும்பக் கூடாது. சரி என்று சொல்லியிருக்கிறான், ஆனால் மேட்டுக்கு வரும் வரை தடத்தை நான்தான் பிடித்துத் தர வேண்டுமாம். அதற்கு நான் இன்னும் சரி சொல்லவில்லை.